பரண் பெட்டியில் நெகட்டிவ் இருக்கிறதா? ஸ்கேனர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எட்டயபுரம். கரிசல் காட்டுச் சின்ன ஊர்தான். ஆனால், மூன்று பெரியவர்களின் பெயரைச் சுமக்கும் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருப்பது இங்கே. கர்னாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் இங்கே. 1882 டிசம்பர் 11-ல் பாரதியார் பிறந்ததும் இதே மண்ணில்தான்.

இவர்களில் முதல் இருவருக்கும் புகைப்படம் கிடையாது. தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1839-ல்தான் புகைப்படக்கலை பற்றிய அறிவிப்பே பாரிஸில் வெளியானது. அதனால் ஓவியர்கள் வரைந்த உருவத்தைத்தான் நாம் தீட்சிதராகக் கும்பிடுகிறோம்.

பாரதி கேமரா காலத்து மனிதர். ஆனாலும் 39 வயது நிறைவதற்குள் மறைந்த அவருக்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களே மிஞ்சின. மனைவி செல்லம்மாவுடன் எடுத்த படம், 1919-ல் காரைக்குடியில் எடுத்த படம் என்று ஒரு கைக்குள் அடங்கிவிடும். ரா.அ.பத்மநாபன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்து தேடிச் சேர்த்ததால் அவையாவது கிடைத்தன. அந்தத் தேடலின் பலன்தான் 1957-ல் வெளிவந்த 'சித்திரபாரதி'. இன்று காலண்டர், பள்ளிக்கூடச் சுவர், டி-ஷர்ட் என்று எங்கே பாரதியைப் பார்த்தாலும், அது இந்தச் சில படங்களின் பிரதியாகவோ, அவற்றைப் பார்த்து வரைந்த ஓவியமாகவோதான் இருக்கும். பிரதிக்குப் பிரதி எடுக்க எடுக்கக் கண்ணின் கூர்மை கொஞ்சம் குறையும், கன்னத்து நிழல் கொஞ்சம் அழியும். கேமராவுக்குள் முதலில் பதிந்த மூலப் படத்துக்கு ஈடு எதுவுமில்லை.

அந்த மூலப் படம்தான் நெகட்டிவ். நம் வீட்டுத் தாத்தா, பாட்டிக்கு அது இருக்கிறது. பரணில், பிஸ்கட் டின்னில், டிரங்குப் பெட்டியின் அடியில்!

எதற்கு இந்த அவசரம்?

"இத்தனை வருஷம் இருந்தது, இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா?" என்று தோன்றும். ஆனால், பிலிமுக்கு ஆயுள் உண்டு. பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பெரும்பாலானவை அசிட்டேட் என்ற பொருளால் ஆனவை. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை வெளியிடும். பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் புளித்த மாதிரிக் காட்டமான வாடை வந்தால், சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அமில ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல நெகட்டிவையும் கெடுக்கும். பிறகு பிலிம் சுருங்கும், அப்பளம் போல வளையும், மேல் பூச்சு உரிந்து வரும். அதற்குப் பிறகு எந்த ஸ்கேனராலும் காப்பாற்ற முடியாது.

அமெரிக்காவின் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் கணக்குப்படி, 21 டிகிரி வெப்பமும் 50 சதவிகித ஈரப்பதமும் இருக்கும் அறையில் வைத்தாலே, புத்தம்புது அசிட்டேட் பிலிம் சுமார் 40 ஆண்டுகளில் இந்தக் கட்டத்தைத் தொட்டுவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கும் பரணுக்கும் நடுவே 21 டிகிரிக்கு எங்கே போவது? கரிசல் பூமியின் வறண்ட காற்று ஈரத்தைக் குறைத்து ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் வெப்பம் விடாது. கலர் பிலிம்களுக்கு இன்னொரு கவலை. அவற்றின் சாயம் இருட்டில் இருந்தாலும் வெளிறிக்கொண்டே போகும்.

ஸ்டூடியோக்களின் கதை இன்னும் பரிதாபம். டிஜிட்டல் வந்ததும் பல பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டன. கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி உண்டு என்பதால், உருக்கி எடுக்க எடைக்குப் போனவையும் ஏராளம். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். 1880-களில் தொடங்கி ஒரு நூற்றாண்டுப் படங்கள் அதில் உண்டு. கல்யாண ஜோடி, மொட்டையடித்த குழந்தை, இறந்தவரைச் சுற்றி நிற்கும் குடும்பம் என்று சாதாரண மனிதர்களின் படங்கள்தான் அங்கே வரலாற்று ஆவணம்.

முதல் வேலை: பெட்டியில் என்ன இருக்கிறது?

ஸ்கேனர் வாங்கும் பலர் செய்யும் தவறு, மெஷினில் ஆரம்பிப்பது. பெட்டியில்தான் ஆரம்பிக்க வேண்டும். பிலிமின் அளவு தெரிந்தால்தான் எந்த ஸ்கேனர் என்று முடிவு செய்ய முடியும்.

* 35 மி.மீ: இரு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிலிம். ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர். தீப்பெட்டி லேபிளைவிடச் சற்றே சிறியது. 1980-களிலும் 90-களிலும் எடுத்த கல்யாணக் கலர் படங்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

* 120: ஓரத்தில் ஓட்டை இருக்காது. படம் பெரும்பாலும் சதுரம், பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். ஸ்டூடியோக்காரர் கழுத்தில் தொங்கவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்து எடுத்த இரட்டை லென்ஸ் கேமராவின் பிலிம் இதுதான். பல வீடுகளில் இருந்த ஆக்ஃபா க்ளிக்-3 கேமராவுக்கும் இதே பிலிம்தான். ஒரு ரோலுக்கு 12 படம்.

* ஸ்லைடு: அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இருக்கும். தூக்கிப் பிடித்தால் நேரான நிறத்தில் படம் தெரியும்.

* கண்ணாடித் தகடு: மிகப் பழைய ஸ்டூடியோ நெகட்டிவ். இருந்தால் அதிர்ஷ்டம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், தாள் சுற்றி நிற்க வைத்து வையுங்கள்.

எது யாருடைய படம் என்று தெரியவில்லையா? ஒரு செல்போனில் வெள்ளைத் திரையைப் போட்டு, நெகட்டிவை அதற்கு மேல் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். இன்னொரு போனின் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போய் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதியை ஆன் செய்து, கேமராவைத் திறந்து பாருங்கள். கறுத்த பல்லும் வெளுத்த முடியுமாக இருந்த உருவம், சட்டென்று உங்கள் சித்தியாக மாறிச் சிரிக்கும்! தரமான பிரதிக்கு இது உதவாது. ஆனால், 600 நெகட்டிவில் எந்த 150-ஐ ஸ்கேன் செய்ய வேண்டும் என்று பொறுக்கி எடுக்க இது போதும். செலவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. 1950-களுக்கு முந்தைய சில பிலிம்கள் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. கோடக் நிறுவனம் 1951-ல்தான் அதன் தயாரிப்பை நிறுத்தியது. பிலிம் ஓரத்தில் 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் கவலையில்லை. மிகப் பழைய பிலிமில் அது இல்லையென்றால், சமையலறைக்கும் சாமி விளக்குக்கும் தூரமாகத் தனியே வையுங்கள். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எந்த ஸ்கேனர் யாருக்கு?

கடையில் இருக்கும் ஸ்கேனர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

1. பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர்: பிலிமை ஒரு சட்டத்தில் மாட்டி உள்ளே தள்ள வேண்டும். பிளஸ்டெக் நிறுவனத்தின் ஆப்டிக்ஃபிலிம் 8100, 8200ஐ ஆகியவை இந்த வகையில் பிரபலம். ஒரு சட்டத்தில் 6 நெகட்டிவ் அல்லது 4 ஸ்லைடு வைக்கலாம். ஆனால், இவை 35 மி.மீ. பிலிமை மட்டும்தான் ஏற்கும். தாத்தாவின் க்ளிக்-3 நெகட்டிவ் இதற்குள் நுழையவே நுழையாது. 120 பிலிமையும் ஏற்கும் தனி மாடல்கள் உண்டு. விலை பல மடங்கு அதிகம்.

2. பிலிம் வசதியுள்ள படுக்கை ஸ்கேனர்: சாதாரண ஜெராக்ஸ் ஸ்கேனர் போலத்தான் இருக்கும். மூடியிலும் ஒரு விளக்கு உண்டு. எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600, வி850 போன்றவை இந்த ரகம். 35 மி.மீ, 120, ஸ்லைடு எல்லாவற்றுக்கும் சட்டம் தருவார்கள். ஆல்பத்தில் இருக்கும் பிரின்ட்டையும் ஸ்கேன் செய்யலாம். மூடியில் விளக்கு இல்லாத ஆபீஸ் ஸ்கேனரில் நெகட்டிவை வைத்தால் கறுப்புப் பட்டைதான் கிடைக்கும்.

3. 'ஒரு பட்டன் அமுக்கினால் போதும்' ரகம்: சின்னத் திரையோடு வரும் பெட்டி. உள்ளே இருப்பது ஒரு சிறிய கேமரா. நொடியில் படம் தரும், கம்ப்யூட்டர் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால், பெரும்பாலானவை சுருக்கப்பட்ட ஜேபெக் கோப்பை மட்டுமே தரும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்து மகிழ இது போதும். அடுத்த தலைமுறைக்குப் பத்திரப்படுத்தப் போதாது.

டி.பி.ஐ. கணக்கில் ஏமாற வேண்டாம்!

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடிப்பது டி.பி.ஐ. எண்ணைத்தான். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது அதன் பொருள். '7200', '6400' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது சென்சார் எண்ணும் புள்ளிகளின் கணக்கு. லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் வேறு. தனியார் சோதனைகளில், 7200 என்று விற்கப்படும் பிலிம் ஸ்கேனர்கள் அதில் பாதியை ஒட்டிய தெளிவைத்தான் காட்டுகின்றன. 6400 என்று சொல்லும் படுக்கை ஸ்கேனர்களில் உண்மையான தெளிவு 2300-ஐ ஒட்டியோ, அதற்குக் கீழேயோதான் நிற்கிறது.

அப்படியானால் படுக்கை ஸ்கேனர் மோசமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

35 மி.மீ. படத்தை உண்மையான 2300-ல் எடுத்தால் சுமார் 7 மெகாபிக்சல். 8-க்கு 10 அங்குலப் படமாகப் பிரின்ட் போட்டுச் சுவரில் மாட்ட ஏறக்குறைய போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கும். அதே படத்தை உண்மையான 4000-ல் எடுத்தால் 21 மெகாபிக்சல். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் மாமாவின் முகத்தைத் தனியாக வெட்டி எடுக்க முயன்றால் இந்த வித்தியாசம் தெரியும்.

120 பிலிம் பெரியது என்பதால் நிலைமை தலைகீழ். அதே 2300-லேயே சுமார் 25 மெகாபிக்சல் கிடைத்துவிடும்!

முடிவு இதுதான். பெட்டியில் சதுர நெகட்டிவ் அதிகம் என்றால் படுக்கை ஸ்கேனர். கலர் ரோலும் ஸ்லைடும் அதிகம் என்றால் பிலிம் ஸ்கேனர். இரண்டும் கலந்து கிடந்தால் படுக்கை ஸ்கேனரை வாங்கிவிட்டு, மிக முக்கியமான சில 35 மி.மீ. படங்களை மட்டும் வெளியே கொடுத்து எடுப்பது சிக்கனம். கண்ணாடித் தகடுக்கும் படுக்கை ஸ்கேனரே வழி. தகட்டின் அளவுக்கு மூடி விளக்கின் ஒளி எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு அதிகம் இருப்பவர்கள் 'டிமேக்ஸ்' என்ற எண்ணையும் பாருங்கள். அடர்ந்த நிழலுக்குள் இருப்பதை ஸ்கேனர் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதன் அளவு அது. ஸ்லைடில் இருட்டுப் பகுதி மிக அடர்த்தி. 3.6-க்குக் கீழே என்றால், கோயில் பிராகாரத்தில் எடுத்த படத்தில் தூண் இருக்கும் இடமெல்லாம் வெறும் கறுப்பாக வரும்.

தூசியும் அகச்சிவப்பும்

கரிசல் புழுதி மாவு போல மென்மையானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், ஸ்கேன் செய்த படத்தில் கடலை மிட்டாய்த் துண்டு அளவுக்குத் தெரியும். இதற்குத்தான் அகச்சிவப்புத் தூசி நீக்கும் வசதி. கலர் பிலிமின் சாயத்தை அகச்சிவப்பு ஒளி ஊடுருவிப் போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் அதை மறிக்கும். எங்கே மறிக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தால் மென்பொருள் நிரப்பிவிடும். பிளஸ்டெக் மாடல்களில் 8200ஐ-யில் இது உண்டு, 8100-ல் கிடையாது. எப்சன் வி600-லும் உண்டு.

ஆனால், வெள்ளியால் ஆன கறுப்பு வெள்ளை பிலிமுக்கு இந்த வசதி உதவாது. வெள்ளியும் ஒளியை மறிப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து மென்பொருள் குழம்பிவிடும். பெட்டி முழுக்கக் கறுப்பு வெள்ளைதான் என்றால், இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளை பிலிமுக்கும் இதுதான் விதி.

அதனால் கைவேலைதான் நல்லது. ஆடிக் காற்று அடிக்கும் நாளில் ஸ்கேன் செய்யாதீர்கள். மழை பெய்து புழுதி அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேஜையை ஈரத்துணியால் துடைத்து, அது காய்ந்ததும் ஆரம்பியுங்கள். கேமராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதுகுழலால் இரு பக்கமும் ஊதினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பருத்திக் கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். தண்ணீரோ, சோப்போ, சானிடைஸரோ கூடவே கூடாது.

பழைய மெஷினா, புதுசா?

விஷயம் தெரிந்தவர்கள் "நிகான் கூல்ஸ்கேன் கிடைத்தால் விடாதே" என்பார்கள். 5000, 9000 மாடல்கள் இரண்டும் 4000 டி.பி.ஐ-யை நிஜமாகவே தந்தவை. அதில் 9000 மாடல் 120 பிலிமையும் ஏற்கும். ஆனால் நிகான் இந்தத் தயாரிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கோனிகா மினோல்டா 2006-லேயே கேமரா தொழிலிலிருந்து விலகிவிட்டது. இந்த மெஷின்களின் பழைய மென்பொருள் இன்றைய கம்ப்யூட்டரில் ஓடாது. வியூஸ்கேன் போன்ற தனி மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூல்ஸ்கேன் 9000-ஐ இணைக்க இப்போதைய லேப்டாப்பில் இல்லாத ஃபயர்வயர் இணைப்பு வேண்டும். பழுதானால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டும். மெஷினில் கை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பொக்கிஷம். மற்றவர்களுக்குத் தலைவலி.

வீட்டில் நல்ல டிஜிட்டல் கேமரா இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மேக்ரோ லென்ஸ், கீழே சீரான வெள்ளை ஒளிப் பலகை, ஆடாத ஸ்டாண்ட். இவற்றை வைத்து நெகட்டிவை நேரடியாகப் படம் எடுத்து, மென்பொருளில் நிறத்தைத் திருப்பலாம். பழகிவிட்டால் ஸ்கேனரைவிட வேகம்.

வாங்குவதா, கொடுத்து எடுப்பதா?

மொத்தப் படங்களை எண்ணுங்கள். ஸ்டூடியோவில் ஒரு படத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். உதாரணத்துக்கு 20 ரூபாய் என்றால், 150 படத்துக்கு 3,000 ரூபாய். அதற்காக ஸ்கேனர் வாங்குவது வீண். 2,000 படம் என்றால் 40,000 ரூபாய். அப்போது சொந்த மெஷின் பற்றி யோசிக்கலாம். அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா வீட்டார் எல்லோரும் பங்கு போட்டு ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

பணத்தோடு நேரத்தையும் கணக்கில் சேருங்கள். தூசி நீக்கத்தோடு ஒரு படத்துக்கு 3 நிமிடம் என்று வைத்தால், 1,000 படத்துக்கு 50 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதம்.

வெளியே கொடுத்தால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: 'டிஃப்' வடிவக் கோப்பு, என்ன டி.பி.ஐ. என்ற விவரம், எண்ணிக்கை குறையாமல் நெகட்டிவ்கள். கூரியரில் அனுப்புவதைவிட நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. தொலைந்தால் திரும்ப வராத சரக்கு இது.

ஸ்கேன் செய்த பிறகு...

* 4000 டி.பி.ஐ-யில் ஒரு கலர் படத்தின் 16 பிட் டிஃப் கோப்பு சுமார் 128 எம்.பி. 500 படத்துக்கு 64 ஜி.பி. இதைப் பத்திரப்படுத்தி, பகிர்வதற்குத் தனியாக ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

* மூன்று பிரதி வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ.

* படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருக்கும் கடைப் பலகையில் தமிழ் எழுத்து தலைமாறித் தெரிந்தால் பிலிமைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள்.

* நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, பரணிலிருந்து இறக்கிக் குளிர்ச்சியான அறையின் அலமாரியில் வையுங்கள். வினிகர் வாடை அடிப்பதை மட்டும் தனியாகப் பிரித்துவிடுங்கள். ஸ்கேன் வரிசையில் முதலிடமும் அதற்குத்தான்.

ஸ்கேனருக்கு முன்னால் பாட்டி!

எந்த மெஷினாலும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. படத்தில் இருப்பவர் யார் என்று சொல்வது. 'இது நம்ம பெரியப்பாவின் மாமனார், சாத்தூர்க் கல்யாணத்தில் எடுத்தது' என்று சொல்லக்கூடியவர் பல வீடுகளில் ஒரே ஒருவர்தான் மிச்சமிருப்பார். வினிகர் வாடை வர இன்னும் பத்து வருடம் ஆகலாம். 85 வயதுப் பாட்டியின் ஞாபகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஸ்கேனர் ஆர்டர் செய்து வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம். போனில் நிறத்தைத் திருப்பி ஒவ்வொரு நெகட்டிவாகக் காட்டுங்கள். கண் தெரியவில்லை என்றால் டிவி திரையில் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்வதை அப்படியே குரல் பதிவு செய்யுங்கள். ஊர், வருடம், உறவு, நிற்கும் வரிசை எல்லாவற்றையும் கேளுங்கள். பிறகு கோப்பின் பெயரிலேயே '1974, எட்டயபுரம், காதுகுத்து, இடமிருந்து இரண்டாவது சின்னம்மா' என்று எழுதிவிடுங்கள்.

பாரதியோடு குழுப்படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல ஒரு பத்மநாபன் இருந்தார். நம் வீட்டுப் படத்தில் இருப்பவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கீழே இறக்கிவிடலாமே!